பூனையின் வாயைப் பார்த்ததுண்டா?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீட்டு ஆண்கள் ஆட்டுச் சந்தையில் முதலில் செய்கின்ற காரியம், கிடாயின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பதுதான். பால்பல் விழுந்து இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால், ஓராண்டு கடந்துவிட்டது என்று அறிந்து விலை பேசுவார்கள். சில நாட்களே நம் வீட்டில் இருக்கப் போகும் ஆட்டுக்கு இத்தனை பரிசோதனை! ஆனால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் நம்மோடு வளைய வரும் பூனையின் வாயை ஒரு முறையேனும் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நானும் பார்த்ததில்லை. அரிவாள்மனையில் மீன் நறுக்கும் ஓசை கேட்டதும் எங்கள் வீட்டுப் பூனை ஓடி வரும். ஒரு துண்டைக் கவ்வித் தலையை ஒருபுறமாகச் சாய்த்து மெல்லும். பாதியைக் கீழே போட்டுவிட்டு அகன்றுவிடும். "அடுத்த வீட்டில் தின்றுவிட்டு வந்து நம்மிடம் செருக்குக் காட்டுகிறது" என்று என் மாமியார் கூற, நானும் அதையே நம்பினேன். எந்நேரமும் நக்கித் தூய்மையாக வைத்திருந்த அதன் ரோமம் சடை விழத் தொடங்கிய பின்னரே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. கடைவாய்ப் பற்களின் மேல் பழுப்பு நிறக் காரை கனமாகப் படிந்திருந்தது. பசியோடு வந்து, வலி பொறுக்காமல் திரும்பிய பிராணியைத்தான் மாதக்கணக்கில் ஏசிக்கொண்டிருந்தோம்!

பூனை தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது, கத்தவும் செய்யாது. வாயிலிருந்து துர்நாற்றம், எச்சில் வடிதல், முன்னங்காலால் வாயைத் தேய்த்தல், உணவைத் தவற விடுதல் ஆகியவையே நமக்குக் கிடைக்கும் சாடைகள். 'பூனை வாய் நாறத்தானே செய்யும்' என்பது தவறான எண்ணம்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். பால்பற்கள் 26, அவை ஆறு மாதத்திற்குள் விழுந்து மாறிவிடும். பல்லின் மேல் படியும் கிருமிப் படலம், உமிழ்நீரில் உள்ள தாது உப்புகளால் ஓரிரு நாட்களிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. காரையாக இறுகிய பிறகு வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சகோதரிகளே, இரக்கத்தினால் கைவைத்தியம் செய்துவிடாதீர்கள். நமக்குப் பல்வலி வந்தால் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும். கிராம்புத் தைலமும் ஆகாது. நம் பற்பசையும் வேண்டாம். பூனைக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாதல்லவா? பிராணிகளுக்கென்றே செய்யப்பட்ட பற்பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையெனில் வெறும் நீர் போதும்.

குட்டியாக இருக்கும்போதே பழக்குவது எளிது. மடியில் இருத்தி, ஈரத் துணியை விரலில் சுற்றி, உதட்டை இலேசாக உயர்த்திப் பல்லின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதும். உட்புறத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்ளும். பின்னர் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறலாம். நாள்தோறும் செய்வதே நல்லது. எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் நடந்தாலே பெரிது, பிறாண்டல்களும் உண்டு!

பல்லைப் பிடுங்கிவிட்டால் பூனை பட்டினி கிடக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அதன் பற்கள் இறைச்சியைத் துண்டாக்கவே அமைந்தவை. நம்மைப் போல் அரைத்துத் தின்பதற்கல்ல. மிருதுவான உணவைப் பல்லின்றியும் அது விழுங்கிவிடும். எங்கள் பூனைக்கு இரண்டு பற்கள் எடுக்கப்பட்டன. பத்தாம் நாள், மீன் நறுக்கும் ஓசை கேட்டு வந்து நின்றது. முள் நீக்கிப் பிசைந்து வைத்ததை ஒரு பருக்கை மிஞ்சாமல் தின்றுவிட்டு அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் முறை வைத்தவர் என் மாமியார்.