கொலைகாரனுக்கு எதுக்கு ரூல்ஸ்?

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கொலை பண்ணவனுக்கு எதுக்குங்க பரோல் ரூல்ஸ்? கவர்மென்ட் நெனச்சா மாத்திக்கலாம்."

இதே வாதம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் வரும்: பரோலும் முன்விடுதலையும் உரிமை அல்ல, சலுகை, கொடுத்த கை எடுத்துக்கொள்ளலாம். இதை நான் ஏற்கவில்லை.

1978 டிசம்பர் 18 அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு நுழைந்தது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 வருஷம் உள்ளே இருந்தாக வேண்டும். அதற்கு முன், நன்னடத்தைக் கழிவுகளைக் கூட்டி இன்னும் சீக்கிரம் வெளியே வர வழி இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கதி? 1980-ல் மாரு ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, பிரிவு செல்லும், ஆனால் அந்தத் தேதிக்கு முன் தண்டனை பெற்றவர்களைத் தொடாது என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் பாதி தூரம்தான் போனது. கோடு விழுந்தது குற்றம் நடந்த நாளில் அல்ல, தண்டனை விதித்த நாளில். ஒரே நாளில் ஒரே மாதிரி குற்றம் செய்த இரண்டு பேர்; ஒருவர் வழக்கு டிசம்பர் 17-ல் முடிந்தது, இன்னொருவர் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்து ஜனவரியில் முடிந்தது. இரண்டாமவருக்கு 14 வருஷம் கட்டாயம். கோர்ட் தாமதத்துக்கு அவர் ஏன் வருஷக்கணக்கில் விலை கொடுக்க வேண்டும்?

குற்றம் நடந்த நாளின் சட்டத்தைவிடக் கூடுதல் தண்டனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(1). 'ஆயுள் என்றாலே ஆயுள் முழுக்கத்தான், இதில் கூடுதல் எங்கே?' என்பது கோர்ட்டின் பதில். தாளில் சரி. நாள் எண்ணுகிறவனுக்கு அது தண்டனைதான்.

சரி, பில்கிஸ் பானு வழக்கு? 2022 ஆகஸ்ட் 15 அன்று 11 பேர் வெளியே வந்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. 2014 கொள்கை அவர்களை விட்டிருக்காது. 2008-ல் தண்டனை பெற்றவர்கள் என்பதால் 1992 கொள்கையைக் காட்டித் திறந்துவிட்டார்கள். அப்போ பழைய விதி ஒழியட்டுமா? வேண்டாம். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில், முடிவெடுக்க குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி. புது விதியைப் பின்தேதியிட்டு அல்ல, இருந்த விதியைப் பிடித்தே அவர்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது. பழைய விதி கதவைத் தானாகத் திறக்காது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவரின் குரலையும் அங்கே கேட்கலாம், கேட்க வேண்டும்.

நம்மூரில் இது தலைவர்களின் பிறந்தநாளைப் பொறுத்தது. அண்ணா நூற்றாண்டுக்கு, 2008-ல், 7 வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் விடுதலை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு, 2018-ல், 10 வருஷம். சலுகை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

அண்ணனிடம் கேட்டேன்: "24 மாசத்துல 480 நாள் வேலை செஞ்சா நிரந்தரம்னு 1981-லயே தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கு. நீங்க 470 நாள் முடிச்சப்புறம், இனிமே 700, ஏற்கெனவே சேர்ந்தவங்களுக்கும் சேர்த்துன்னு சொன்னா?"

"அநியாயம்ங்க. நான் என்ன கொலையா பண்ணேன்?"

அதுதான் விஷயம். யாரும் பரிதாபப்படாத ஆளிடம்தான் அரசு இதை முதலில் செய்து பார்க்கும். அங்கே நாம் வாயைத் திறக்கவில்லை என்றால், 470-வது நாளில் நமக்காகப் பேச ஒரு வாதமும் மிஞ்சாது.