பெயர் மட்டும் ஓடுகிறது!

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மீன்சுருட்டியில் 'டப்' என்றது. கார் டயர் தரையோடு தரை!

"கவலைப்படாதீங்கம்மா, ஸ்டெப்னி இருக்கு!" என்றார் டிரைவர்.

ஸ்டெப்னி என்பது என்ன தெரியுமோ? ஒரு தெருவின் பெயர்! மோட்டார் வந்த புதிதில் வண்டியோடு உபரிச் சக்கரம் தர மாட்டார்கள். பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் வேல்ஸில், லனெல்லி என்ற ஊரில், தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு யுக்தி செய்தார். ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வ வைத்தார். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். சரக்குக்கும் அதுவே பெயராயிற்று. பிறகு கார்க் கம்பெனிகளே உபரிச் சக்கரம் தர ஆரம்பித்தன. ஸ்டெப்னிக்கு வேலை போயிற்று. பெயரை மட்டும் நம் மெக்கானிக்குகள் விடவில்லை!

இதைச் சொன்னதும் பின்சீட்டிலிருந்த அத்தை, "நம்ம வீட்டிலேயும் ஒரு ஸ்டெப்னி உண்டே! பிரசவம்னா கூப்பிடு, ஜுரம்னா கூப்பிடு. மத்த நாளெல்லாம் டிக்கியிலே கிட!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். எனக்குத்தான் சுருக்கென்றது. என் இரண்டு பிரசவத்துக்கும் ஓடி வந்தவள். "சும்மா வந்து நாலு நாள் இருங்கள்" என்று ஒரு தடவையாவது நான் அழைத்ததுண்டா? பக்கத்திலிருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் கோவிலைப் பார்க்க அவளுக்கு வெகு நாள் ஆசை. ஒவ்வொரு தடவையும், "நேரமில்லை அத்தை!"

திரும்பும்போது கோவில் வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன்.

"மறுபடியும் பஞ்சரா?" என்றாள் அத்தை.

"இல்லை அத்தை, உங்களுக்காகத்தான்!"