மந்துக்குள் நுழைகிறவர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் உதகமண்டலத்தைப் பார்க்காமல் நம்மவர்களுக்கு உயிர் தரிக்காது. போகட்டும்; வெயிலுக்குப் பயந்து மலையேறுவது குற்றமல்ல. ஏரியில் படகு விடட்டும், மலர்க் கண்காட்சியில் நெரியட்டும், வர்க்கியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வரட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தாவரவியல் பூங்காவின் மேட்டில் ஏறி, அங்கே இருக்கிற தோடர் மந்தையும் பூங்காவின் இன்னொரு பாத்தி என்று நினைத்து நுழைகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மந்து என்பது காட்சிச்சாலை அல்ல. மனிதர்கள் குடியிருக்கிற இடம். ஸல்லிவன் துரை 1820களில் அந்த ஊரில் கல் பங்களா கட்டியபோது, சுற்றிலும் இருந்தது அவர்கள் எருமை மேய்த்த புல்வெளி. பிறகு தேயிலையும் சீகை மரமும் கற்பூர மரமும் தின்றது போக மிஞ்சியதைப் பார்க்கத்தான் நாம் காமிராவோடு போகிறோம்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அரைப் பீப்பாய் போல் வளைந்த வீடு. தவழ்ந்துதான் நுழைய வேண்டிய சிறு வாசல். குடும்பத்தோடு வந்த ஒரு கனவான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அதற்குள் தலையை நீட்டினார். வெளியே உட்கார்ந்து வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்த பாட்டியிடம், "அதைப் போர்த்திக்கிட்டு இப்படித் திரும்பும்மா" என்றார். அவர் வீட்டு ஜன்னலுக்குள் யாராவது இப்படித் தலை நீட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்.

"அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறதே" என்பார்கள். விடுதி யாருடையது? டாக்ஸி யாருடையது? அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது வாஸ்தவம். உரிய விலை கொடுத்து அதை வாங்குகிறவருக்கு என் நமஸ்காரம். மிஷினில் அடித்த போலியைக் கடையில் மலிவாக வாங்கிக்கொண்டு, பாட்டியைப் படம் மட்டும் பிடித்துப் போகிறவரால் அவளுக்கு என்ன லாபம்?

பாட்டு விஷயம் இன்னும் மோசம். எமனோ என்ற மொழியறிஞர் 1930களில் அவர்களிடம் சேகரித்த பாட்டுகளை 1971இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். இன்ன மனிதரை, இன்ன எருமையை, இன்ன சாவைப் பற்றி என்று அவ்வப்போது கட்டிய பாட்டுகள். அந்த ஜனங்களை விழா மேடையில் நிறுத்தி ஐந்து நிமிஷம் பாடி ஆடச் சொல்கிறோம். எதற்காக? யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. வெளியூர்க்காரர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்!

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலைப்பாதைக்கு நல்ல மருந்துதான். மந்தின் வாசலுக்கு மருந்து வேறு. வெளியாரை விடுவதா வேண்டாமா என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்கட்டும். வேண்டாம் என்றால் வழிகாட்டுகிற பலகையை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். வரலாம், இன்ன நாளில், இன்ன கட்டணத்துக்கு என்றால், அந்தப் பணம் அவர்கள் கைக்கே போகவேண்டும். நடுவில் ஒரு கான்ட்ராக்டர் முளைக்கக் கூடாது.