ஸ்காலர்ஷிப் ஃபைல் கிளார்க் வேலையா?

'பாடம் நடத்தத்தான் வந்தேன், ஃபாரம் பாக்க வரல' என்று சொல்கிற கல்லூரி ஆசிரியர்களை எனக்குத் தெரியும். முற்போக்குப் பேசுகிறவர்களும் அதில் உண்டு. மேடையில் அம்பேத்கர், துறையில் ஸ்காலர்ஷிப் ஃபைலைக் கண்டால் 'ஆபீஸ்ல போய்க் கேளு'. நம் பிள்ளைகள் விஷயத்தில் அந்த ஃபைலைப் பார்ப்பதும் ஆசிரியர் வேலைதான் என்கிறேன் நான்.

இது யாரும் போட்ட பிச்சையில்லை. இந்த உதவித்தொகை 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது தொடங்கியது. 2012 செப்டம்பரில் தமிழக அரசின் ஆணை எண் 92 வந்தது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் பிள்ளைகளில் வருமான வரம்புக்குள் வருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது.

ஆணை இருக்கிறது, பணம் கைக்கு வருவதற்குள்தான் பாடு. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் வேறு மாதிரி, பேங்க் கணக்கில் ஆதார் இணைப்பே இல்லை என்றால் காசு வந்து சேராது. கயத்தாறு பக்கம் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற ஆத்தா அப்பன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் எத்தனை நடை நடப்பார்கள்? கோவில்பட்டிக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைக்குக் காலேஜில் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்குச் சில காரியங்கள் சொல்கிறேன்.

சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேரைச் சரிபாருங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் கண்டுபிடித்துப் பிரயோசனமில்லை.

வகுப்பில் 'எஸ்.சி. பசங்க எந்திரி' என்று சொல்லாதீர்கள். பெயர்ப் பட்டியலைச் சாதியோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றது. பள்ளிக்கு ஒரு நியாயம், கல்லூரிக்கு ஒரு நியாயமா?

சான்றுக்காகத் தாலுகா ஆபீசில் நிற்கிற நாளுக்கு ஆப்சென்ட் போட்டு, பிறகு வருகை 75 சதவீதம் இல்லை என்று பரிட்சையில் நிறுத்தாதீர்கள். துறைத் தலைவரிடம் பேசி ஓ.டி. வாங்கிக் கொடுங்கள்.

மாணவர் எதை எழுதிக் கொடுத்தாலும் நகலில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஃபாரம் தொலைந்துபோனால் பழி பிள்ளை தலையில் விழாது.

ஃபீஸ் பாக்கி என்று ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கிற நிர்வாகத்திடம், 2018 அக்டோபர் யு.ஜி.சி. அறிவிப்பைக் காட்டுங்கள். ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டபோது, தனக்கு வர வேண்டிய ஏழு மாத ஃபெல்லோஷிப் பாக்கியைக் கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். நமது மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்தபோது வீட்டுச் சாமான்களோடு படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. நம் வீட்டில் ஒரு சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று அடிக்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்தவருக்குத் தெரியாமல் போகலாமா?

தனி ஆசிரியர் ஒருவர் நிர்வாகத்தை எதிர்த்து நிற்பது கஷ்டம்தான். கௌரவ விரிவுரையாளருக்கு இன்னும் கஷ்டம். அதனால்தான் மூட்டா மாதிரி சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். சம்பளக் கோரிக்கையோடு இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள்: ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த வேலைக்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியர், அவரை வாரம் ஒருநாள் தனியாகச் சந்திக்க ஓர் அறை. வரும் சேர்க்கைக்கு முன்னாலேயே கேளுங்கள்.