சுறாவுக்குச் சுவர் இருக்கு, பாசிக்கு?

எங்கள் விடுதி அறையில் கதவுக்கு நேர் எதிரே ஒரு படம் ஒட்டியிருக்கிறது. கோப்ளின் சுறா. ஆழ்கடல் பிராணி. பார்க்க வருகிறவன் எல்லாம் "யப்பா!" என்று சொல்லாமல் போவதில்லை. ஒட்டிய என் அறைத்தோழனுக்கு அதில் ஏகப் பெருமை. "12.5 கோடி வருஷத்துப் பரம்பரைடா! உயிரோட இருக்கிற புதைபடிவம்!"

சுறாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அதன் தாடை ஒரு பாடம். உடம்பு தொளதொள, துரத்திப் பிடிக்க வேகம் பத்தாது. அதனால் இரை பக்கத்தில் வந்ததும் தாடையை மட்டும் உண்டிவில் மாதிரி முன்னால் எறிகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வீடியோ எடுத்து அளந்து 2016-ல் வெளியிட்ட கணக்கு, வினாடிக்கு 3.1 மீட்டர். நம்ம ஷேப்பர் மெஷின் வெட்கப்படணும்!

ஆனால் பழமை என்று பேச வந்தால் அவன் தோற்றான். டகாகியா என்று ஒரு பாசி இருக்கிறது. குளத்துப் பாசி இல்லை. மழைக்காலத்தில் கைப்பிடிச் சுவரில் பச்சை வெல்வெட் போலப் படருமே, அந்த இனம். உயரம் ஓரிரு சென்டிமீட்டர். வயது? 39 கோடி ஆண்டுப் பரம்பரை. இமயமலை எழும்பத் தொடங்கியதே சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மலை உயர உயர, கூடவே இதுவும் மேலே போயிற்று. திபெத்தில் 4000 மீட்டருக்கு மேல், வருடத்தில் எட்டு மாதம் பனிக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டுக்கும் பெயர் வந்தது ஜப்பானில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான். யோகோஹாமா அருகே பிடிபட்ட சுறாவுக்கு 1898-ல், டகாகி என்பவர் கண்டெடுத்த பாசிக்கு 1958-ல். பாசி என்பதே உறுதியாகாமல் பல வருஷம் குழப்பம். ஜப்பானியர் அதற்கு வைத்த செல்லப்பெயரின் அர்த்தமே "இது என்னதாண்டா" பாசி!

"புதைபடிவம்" என்ற பட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. 2023-ல் இதன் மரபணுக்களைப் படித்தவர்கள், வேகமாக மாறிவரும் மரபணுக்கள் இதில்தான் ஏராளம் என்கிறார்கள். உருவம் அப்படியே, உள்ளே ஓயாத ரிப்பேர் வேலை. அப்படியும் போதவில்லை. அதே ஆய்வில், திபெத்தில் இது படர்ந்திருக்கும் பரப்பு ஆண்டுக்குச் சராசரி 1.6 சதவீதம் சுருங்குகிறது. காரணம் வெப்பம். சுறாவுக்கு இன்னும் ஆழம் இருக்கிறது; அழியும் ஆபத்து குறைந்த இனமாகவே அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உச்சிக்கே போய்விட்ட பாசி அதற்கும் மேலே எங்கே ஏறும்?

சுறா பக்கத்தில் டகாகியா படத்துக்கும் இடம் கேட்டேன். "அதுல பார்க்க என்னடா இருக்கு?" என்றான். நான் விடவில்லை. என் கட்டில் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டேன். இதுவரை யாரும் "யப்பா" சொல்லவில்லை. ஒருத்தன் மட்டும் "சுவர்ல ஓதமா மச்சான்?" என்று கேட்டான்.