கரையில் கட்டிய கயிறு

காவிரியும் பவானியும் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் பவானி. பழைய நாளில் திருநணா என்று பெயர் பெற்றிருந்த இவ்வூர், முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. சங்கமேசுவரர் திருக்கோயிலும், வண்ணக் கோடுகள் ஓடும் கைத்தறி ஜமக்காளமும் இவ்வூரின் பெயரை நெடுந்தொலைவு கொண்டு சென்றுள்ளன. கண்ணுக்குப் புலப்படும் இரண்டு ஆறுகளோடு, புலப்படாத அமுத நதியும் இங்கே வந்து கூடுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. அதனால் இத்துறையைக் கூடுதுறை என வழங்குவர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றவும், ஆடிப் பதினெட்டன்று புதுப்புனலை வணங்கவும் கொங்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இங்கே திரளுகின்றனர்.

வெள்ளம் பெருகிய ஆண்டுகளில், இத்தகைய திருநாளிலேயே படித்துறையின் குறுக்கே காவலர் தடை அமைத்து, “ஆற்றில் இறங்காதீர்கள்” என்று அறிவிக்க நேர்வது உண்டு. அப்பொழுது மக்கள் மனம் என்ன பாடுபடும்! மஞ்சளும் காப்பரிசியும் ஏந்தி வந்த பெண்கள் வருந்துவர். தந்தைக்குக் கடன் ஆற்ற வந்த மகன் கலங்குவான். பூவும் பழமும் விற்போரும் பரிசல் ஓட்டுவோரும், ‘இன்றைய பிழைப்புப் போயிற்றே’ என ஏங்குவர். “ஆண்டாண்டாக நீராடி வந்த துறை அன்றோ இது? இன்று மட்டும் ஏன் தடை?” என்று கேட்போர் பலர். இக்கேள்வியை ஏளனம் செய்தல் தகாது. அதற்கு விடை கூறுதல் வேண்டும்.

விடையை வானத்தில் தேடினால் கிடைக்காது. ஆடித் திங்களில் பவானியின் வானம் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். ஆயின் அதே நாளில் குடகு மலையிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே பெய்த மழை, கருநாடகத்து அணைகளைக் கடந்து மேட்டூரை வந்தடைகிறது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பிய பின் வந்து சேரும் வெள்ளத்தைத் தேக்கிவைக்க இடம் இல்லை. கீழே விடத்தான் வேண்டும். அவ்வாறு விட்ட நீர் சில மணி நேரத்தில் பவானியை எட்டுகிறது. நீலமலைப் பக்கத்தில் மழை மிகுந்தால் பவானி ஆறும் அதனோடு சேர்ந்து பெருகுகிறது.

“வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடி நீர் திறந்து விடப்பட்டது” என்று செய்தி கேட்கிறோம். அது எவ்வளவு நீர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். ஆகவே ஓர் இலட்சம் கன அடி என்பது, வினாடிதோறும் ஏறக்குறைய 28 இலட்சம் லிட்டர் ஆகும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை ஒரே நொடியில் கவிழ்ந்தாற்போன்றது அது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மேட்டூரிலிருந்து இதனினும் மிகுந்த நீர் வெளியேறிற்று. 2018-இலும் 2022-இலும் பவானியில் கரையோர வீடுகளுள் நீர் புகுந்து, குடும்பங்கள் முகாம்களில் தங்க நேர்ந்தது.

“எனக்கு நீச்சல் தெரியும்” என்பார் இளைஞர் சிலர். குளத்து நீச்சல் வேறு. வெள்ளத்து நீச்சல் வேறு. புதுப்புனல் செம்மண் கலந்து கலங்கி வருவதால் அதன் அடியில் படி எங்கே, பள்ளம் எங்கே எனத் தெரியாது. இரண்டு ஆறுகள் மோதும் இடத்தில் சுழலும் இழுப்பும் உண்டு. நேற்று நின்று குளித்த படி இன்று கழுத்தளவு நீரில் மூழ்கியிருக்கும். இவ்வாறு இடர் கண்ணுக்குப் புலப்படாதபோது, அதனை அறிந்தவர் சொல்லை நம்புவதல்லால் வேறு வழி இல்லை.

1924-ஆம் ஆண்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களை அழித்தது. அக்காலத்தில் மேட்டூர் அணை இல்லை. மேலே எவ்வளவு நீர் வருகிறது என்று அளந்து, கீழே உள்ளவர்க்கு உடனே உரைக்கும் வாய்ப்பும் இன்றுள்ளதுபோல் இல்லை. இன்று அணையில் நீர் அளக்கப்படுகிறது. திறக்குமுன் மாவட்டங்களுக்கு அறிவிக்கப்படுகிறது. வருவாய்த் துறையினரும் காவல் துறையினரும் அச்செய்தியைக் கரையோர மக்களிடம் சேர்க்கின்றனர். படித்துறையில் கட்டிய கயிறு அச்செய்தியின் இறுதிக் கண்ணியாகும். மேட்டூரில் எடுத்த அளவு முதல் கூடுதுறையில் நிற்கும் சிறுவன் செவி வரை இச்சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் உயிர் பிழைக்கும்.

காவலர் என்றவுடன் கள்வரைப் பிடிப்பவர் என்றே பலர் கருதுவர். 1829-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் புதிய காவற்படை அமைந்தபோது, குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதினும் நிகழாமல் தடுப்பதே அதன் முதற்கடமை எனக் கொள்ளப்பட்டது. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்னும் நம் பழமொழியும் இதனையே அறிவுறுத்துகிறது. தடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணம் சான்று. 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், மகாமகத் திருவிழாவில் ஏற்பட்ட நெரிசலில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கொன்றது வெள்ளம் அன்று, கூட்டம். ஆகலின் பெருங்கூட்டம் கூடும் நாள்களில் ‘ஒரு வழியே செல்க, மறு வழியே வருக’ என வகுக்கும் விதியும் நம்மைக் காக்கும் கயிறே ஆகும்.

இவ்வளவும் கூறியதால், மக்கள் வாய்மூடிக் கீழ்ப்படிந்தால் போதும் என்பது என் கருத்தன்று. விதி கூறுவோர்க்கும் கடமை உண்டு. ‘கூடாது’ என்று மட்டும் கூறுவது பாதி விதி. ‘ஏன் கூடாது, எதுவரை கூடாது, அதற்கு மாற்று என்ன’ என்று கூறும்போதே அது முழுமை பெறுகிறது. பேருந்தேறித் தொலைவிலிருந்து வந்தவரைப் படித்துறையில் நிறுத்துவதினும், முன்னாளே செய்தி அனுப்பி அவர் ஊரிலேயே நிறுத்துவது நன்று. ஆற்றில் இறங்க முடியாதவர்க்குக் கரையிலேயே குழாய் நீர் வசதி செய்து தந்தால், அவர்தம் கடனும் நிறைவேறும், உயிரும் காப்புறும். முற்காலத்தில் ஊர்ச் செய்திகளைத் தண்டோரா அடித்து அறிவித்தனர். 2022-இல் தமிழக அரசு அவ்வழக்கத்தைக் கைவிட்டு, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு பணித்தது. கருவி மாறினாலும் கடமை மாறவில்லை: செய்தி தெளிவாக இருத்தல் வேண்டும்; காலத்தில் வந்து சேர்தல் வேண்டும்.

செய்தியை ஏந்திச் செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் ஓர் ஒலிபெருக்கியே. அதில் மெய்யும் செல்லும், பொய்யும் செல்லும். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தைகளைக் கடத்துவோர் வந்திருக்கின்றனர் என்னும் வதந்தி வட தமிழ்நாட்டில் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வத்தை வழிபடச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். ஊரார் அவர்களைக் கடத்தல்காரர் எனப் பிழையாகக் கருதித் தாக்கினர். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வதந்தியை அனுப்பியவருள் பலர், தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ‘அணை உடைந்தது’ என்றோ, ‘கள்வர் வந்தனர்’ என்றோ செய்தி வந்தால், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் காவல் நிலையத்தை உசாவுக. உசாவ இயலாவிடில் அனுப்பாது நிறுத்துக.

காவலர்க்கும் மக்களுக்கும் இடையே உள்ள தொலைவு குறைந்தாலன்றி இத்தகைய உசாவல் எளிதாகாது. இதனை உணர்ந்தே 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அங்குக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப், ‘காவல் நண்பர்கள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். வெள்ளம் வந்த நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் காவலரை மக்கள் நம்பத் தயங்குவர். வெள்ளம் இல்லாத நாளில் தெருவுக்கு வந்து, குறை கேட்டு, அன்போடு பேசிச் சென்றவர் சொல்லை எளிதில் நம்புவர். நம்பிக்கை என்பது நாற்று. நட்டவுடன் கதிர் தாராது.

மாணவர்களே! இதில் உங்கள் பங்கு சிறிதன்று. கரையோரத்தில் வாழும் கண் மங்கிய பாட்டிக்கு அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். தறிப் பள்ளத்தில் அமர்ந்து நெய்பவர்க்கு, தறியோசையில் ஒலிபெருக்கியின் சொல் எட்டாதிருக்கலாம், ஓடிச்சென்று கூறுங்கள். எவரேனும் நீரில் சிக்கினால் ஆர்வத்தால் பின்னே குதிக்காதீர்கள். கயிறோ, மூங்கிற் கழியோ, முறுக்கிய வேட்டியோ கரையிலிருந்தே வீசுங்கள். பெரியவர்களைக் கூவி அழையுங்கள். 112 என்னும் எண்ணில் காவலர், தீயணைப்போர், மருத்துவ உதவி ஆகிய எதனையும் வேண்டலாம். 108 என்னும் எண்ணில் மருத்துவ வண்டியை அழைக்கலாம். இவ்வெண்களை ஏட்டில் எழுதுவதோடு அமையாமல் நெஞ்சில் எழுதுங்கள்.

கரையில் கட்டிய கயிறு மிக மெல்லியது. குனிந்து நுழைய நினைப்பவனை அது தடுத்து நிறுத்தாது. அதற்கு வலிமை தருவது, கட்டியவர் காரணம் கூறுவதும், கண்டவர் அதனை மதிப்பதும், கேட்டவர் மெய்யாகவே பிறர்க்கு உரைப்பதும் ஆகும். இம்மூன்றும் ஒன்று கூடுமாயின், ஆறு எவ்வளவு பெருகினும் ஊர் அஞ்ச வேண்டுவதில்லை.