தீங்கு நேரவில்லை என்னும் வாதம்

இருதயத்துடன் இணைத்து வைக்கும் பேஸ்மேக்கரை எங்கிருந்தோ ஒருவன் அலைவழியே கைப்பற்றிவிடுவான் என்பது சினிமாக் கற்பனை என்றும், அவ்வாறு ஒரு நோயாளிக்கேனும் தீங்கு நேர்ந்ததுண்டா என்றும் படித்தவர்களே கேட்டு வருகிறார்கள். நேர்ந்ததாக நிரூபணம் இல்லை என்பது மெய்யே. ஆனால் அதைக்கொண்டு அபாயமே இல்லையென்று தீர்மானிப்பது எனக்குச் சம்மதமன்று.

கற்பனை என்பார்க்கு ஒரு பிரத்தியட்சம் உண்டு. 2008இல் கெவின் ஃபூ முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றைச் சோதனைக்கு எடுத்து, அது மறைப்பு ஏதுமின்றி அனுப்பிய நோயாளியின் பெயரையும் நோய் விவரத்தையும் படித்துக் காட்டியதோடு, இருதயத் துடிப்பைக் குலைக்கவல்ல மின்னதிர்ச்சியைப் பாய்ச்சும்படி அதற்குக் கட்டளையும் இட்டார்கள்.

சில அங்குலத்துக்குள் நின்றல்லவா அதைச் செய்தார்கள், அவ்வளவு கிட்டத்தில் எந்தப் பகைவன் வருவான் என்பது அடுத்த ஆட்சேபம். அவன் வரவேண்டுவதே இல்லை. வைத்தியர் பேஸ்மேக்கரைச் சரிபார்க்கும் புரோகிராமர் என்ற கருவி, நாள்தோறும் எத்தனையோ நோயாளிகளின் பக்கத்துக்குச் செல்கிறது. மெட்ரானிக் நிறுவனத்தின் அத்தகைய கருவி ஒன்று, இணையவழி வரும் புதிய மென்பொருள் உரிய இடத்திலிருந்துதான் வருகிறதா என்று சரிவரச் சோதியாமலே அதை ஏற்கக்கூடியது என்பதை பில்லி ரியோஸ், ஜொனதன் பட்ஸ் என்ற இருவர் 2018இல் வெளிப்படுத்த, அந்த இணையவழியையே நிறுவனம் மூடிவிட்டது.

சாதனம் காட்டிக்கொடுக்கும் நோய்க்குறிப்பு திருடனுக்கு எதற்கு என்பாரும் உண்டு. ஃபின்லாந்தில் வஸ்டாமோ என்ற மனநலச் சிகிச்சை ஸ்தாபனத்தின் பதிவேடுகளைக் கவர்ந்தவன், 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாகக் கடிதம் விடுத்து, 200 யூரோ தராவிட்டால் வெளியிடுவேன் என்று மிரட்டினான். சாத்திய கதவுக்குள் வைத்தியர் ஒருவரிடம் மட்டும் சொன்ன துயரத்துக்கு அவர்கள் விலை கொடுக்க நேர்ந்தது.

தீங்கு நேராதபோது நோயாளிகளை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்பதே இவர்களுடைய கடைசி வாதம். 2017 ஆகஸ்டில், அபாட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களை உடலில் தாங்கிய சுமார் 4,65,000 அமெரிக்கர்களுக்கு, பிறர் அலைவழியே கைப்பற்ற இடந்தராதபடி, உள்ளிருந்து அவற்றை இயக்கும் ஃபர்ம்வேரை மாற்றிக்கொள்ளும் வழி ஏற்பட்டபோதும் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்திருக்கவில்லை. மாற்றுவதிலும் அபாயம் உண்டு, சாதனம் அடியோடு செயலிழக்கும் வாய்ப்பு 0.003 சதவிகிதம் என்று நிறுவனத்தார் கணக்கிட்டே சொன்னார்கள். வீட்டிலிருந்து செய்துகொள்ள இயலாது, வைத்தியரிடம் நேரில் போகவேண்டும் என்றும் சொன்னார்கள். அப்படிப் போனவர்கள் மார்பின்மேல் கருவி வைக்கப்பட்டிருக்க, ஏறக்குறைய மூன்று நிமிஷம், தம் பேஸ்மேக்கர் நிமிஷத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கையில், அசையாமல் காத்திருந்தார்கள்.